பேனரில் சிரிக்கும் நர்ஸ் நான்தான்

1

எங்கள் வார்டு வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ஊழியர்களிடம் குரலை உயர்த்துபவர்கள் வெளியேற்றப்படுவார்கள் என்று. நோயாளிகளின் வீட்டாருக்காக எழுதியதுதான். ஆனால் வருடக்கணக்கில் அதைத் தாண்டிப் போய்வந்ததில் எனக்கும் சேர்த்து எழுதியதுபோல ஆகிவிட்டது. இந்த ஊரில் நான் கத்துவதில்லை. ரொம்பவும் ஆத்திரம் வந்தால், "எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். அதற்கு மேல் இங்கே வழக்கமில்லை. ஆகவே சொல்ல வேண்டியதை ஊரிலிருக்கும் உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். குரலைத் தாழ்த்திக்கொள்ளப் போவதில்லை.

நான் ராஜா அண்ணாமலைபுரத்தில் வளர்ந்தவள். மயிலாப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். என் மகள் நிலா கைக்குழந்தையாக இருந்தபோது வட இங்கிலாந்தில் இந்த ஊருக்கு வந்தேன். இப்போது அவள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் முதியோர் வார்டில் பொறுப்பு நர்ஸ்.

போன வசந்தத்தில் ஒரு நாள், வீட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ஒரு கிழவரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே அவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் வந்தாள். தலையில் சாம்பல் நிறத் துணி, மார்பில் ஏதோ ஒரு கம்பெனியின் பேட்ஜ். கிழவருக்குத் தேநீர் கொடுக்கப்போய்க் கோப்பை சரிந்து போர்வையெல்லாம் நனைந்தது. "ஐயோ, போச்சு," என்றாள்.

அந்த 'போச்சு' என் காதில் விழுந்த வேகத்தில் நான் திரும்பினேன். அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்தவள் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. தி.நகர் பேனர்ல இருக்கறது நீங்கதானே?"

"எந்த பேனர்?"

போனை எடுத்துக் காட்டினாள். விசா கிடைத்த அன்று எடுத்த படமாம். கையில் பாஸ்போர்ட்டோடு அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், அவளைப்போல இரண்டு மடங்கு உயரத்தில், நீலச் சீருடையில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என் தலைக்கு மேல் பெரிய எழுத்தில்: "நேற்று மயிலாப்பூர். இன்று இங்கிலாந்து. நாளை நீங்கள்!"

"உங்களப் பாத்துட்டுதான் எங்க அத்தா சரின்னாரு," என்றாள் அவள். "இந்தம்மா முகத்தப் பாத்தா பொய் சொல்றவங்க மாதிரி இல்லன்னாரு."

நான் எந்த ஏஜென்ட் மூலமும் வரவில்லை. அந்தக் காலத்தில் இந்த ஆஸ்பத்திரிக்காரர்களே சென்னைக்கு வந்து நேர்காணல் நடத்தி ஆள் எடுத்தார்கள். அந்தப் படம், நான் வார்டு பொறுப்புக்கு உயர்ந்த அன்று என் அம்மாவுக்காகக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டது. அதில் என்னைத் தவிரப் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். பதினேழு பேர் பூச்செண்டு பொம்மை அனுப்பினார்கள். ஒருவன் படத்தை எடுத்துக்கொண்டு போய் பேனர் அடித்துவிட்டான்.

2

அவள் பெயர் ரெஹானா. கோபாலபுரத்தை ஒட்டிய ஒரு தெருவில் அவளுடைய அத்தா, அதாவது அப்பா, காதர் பாய்க்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ரெஹானா பி.எஸ்.சி. நர்சிங் முடித்து, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் நாலைந்து வருடம் வேலை பார்த்தவள். இங்கிலாந்தில் நர்ஸாக வேண்டுமென்றால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். பேச்சிலும் கேட்டலிலும் வாசிப்பிலும் தேறியவளுக்கு எழுத்தில் மட்டும் அரைப் புள்ளி குறைந்துவிட்டது. மறுபடி படித்து எழுதியிருந்தால் அடுத்த முறை தேறியிருப்பாள். அதற்குள் தி.நகர் ஆபீசில் அவளுக்கு வேறு கதை சொன்னார்கள்.

"கேர் விசான்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு இந்த மார்க்கே போதும்னாங்க. அங்க போயிட்டா ஆறே மாசத்துல நர்ஸா மாத்திடுவாங்க, எல்லாம் ஒரே டிபார்ட்மென்ட்தான்னு சொன்னாங்கக்கா."

ஒரே டிபார்ட்மென்ட் இல்லை. ஊரில் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கென்று கேர் விசாவில் வருகிறவரை யாரும் நர்ஸாக 'மாற்ற' மாட்டார்கள். தேர்வெழுதி, இங்குள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, நர்ஸ் வேலைக்கென்று தனியாக ஒரு முதலாளியைப் பிடித்து, புது விசா வாங்க வேண்டும். அதாவது சென்னையில் முடிக்காமல் விட்டதையெல்லாம், வேலை பார்த்துக்கொண்டே, குளிரில், தனியாக இங்கே முடிக்க வேண்டும்.

அவளை வரவழைத்தது வீடு வீடாக ஆள் அனுப்பி முதியவர்களைக் கவனிக்கும் ஒரு கம்பெனி. அவள் வந்து இறங்கியதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கார் ஓட்டுவாயா?" இந்தக் கேள்வியைத் தி.நகரில் யாரும் கேட்கவில்லை. கார் இல்லாதவளுக்கு வேலை கொடுத்தால் கொடுத்ததுதான், இல்லையென்றால் இல்லை. ஒரு வாரம் நாலு வீடு. அடுத்த வாரம் ஒரு வீடு. ஒரே அறையில் நான்கு பெண்கள், எல்லோரும் நர்ஸுகள், ஒருத்தி திண்டிவனம், இரண்டு பேர் கேரளம். அவள் கட்டிய பணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரிந்த கதை. ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் கட்டியிருக்கிறார்.

வீட்டுக்கு அவள் என்ன சொல்லியிருந்தாள் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா கீறேன்னு. வாரா வாரம் யூனிஃபார்ம் போட்டு போட்டோ அனுப்புவேன். வார்டு எங்கடி, காட்டுன்னு அம்மா கேப்பாங்க. உள்ள போன் விடமாட்டாங்கன்னு சொல்லிடுவேன்."

அன்று அவள் கிழவரைப் பார்க்க வந்தது சம்பளத்துக்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டு ஆட்களை எடுக்கக் கம்பெனிக்கு இருந்த அனுமதியை அரசாங்கம் ரத்து செய்துவிட்டது. இல்லாத வேலையைக் காட்டி ஆட்களை வரவழைத்தது குற்றமாம். கிழவருக்கு வேறு யாருமில்லை என்பதால் அவளாகவே ஆம்புலன்ஸில் ஏறி வந்திருக்கிறாள்.

3

அந்தப் பதினெட்டுப் பேரில் படத்தை எடுத்தவன் என் சித்தி மகன் சேகர். முதலில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். அப்புறம் டூர் பஸ். அப்புறம் தி.நகரில் துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு மாடிப்படி ஏறிப் போகும் இடத்தில் 'ஓவர்சீஸ் கன்சல்டன்சி'. நான் அது மாணவர்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் மதியம் சமையலறையில் நின்றுகொண்டு அவனைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, அதிசயமா கீது! இன்னிக்கு லீவா?"

"என் படத்தை எதுக்குடா பேனர் போட்டே?"

"அதுவா? நீ நம்ம குடும்பத்துக்கே பெருமைக்கா. ஒரு போட்டோதானே."

"நான் உன் மூலமாவா வந்தேன்?"

"என் மூலமா வந்தாங்கன்னு எங்கியாவது எழுதிக் கீதா பாரு. நேத்து மயிலாப்பூர், இன்னிக்கு இங்கிலாந்து. நெசம்தானே?"

நான் ரெஹானாவைப் பற்றிச் சொன்னேன். அவனுக்குப் பெயர் நினைவில்லை. 'கண்ணாடிக் கடை பாய் பொண்ணு' என்றதும் நினைவு வந்தது.

"அக்கா, நான் யாரையும் ஏமாத்தல. விசா வாங்கித் தரேன்னேன். விசா வந்துச்சா, இல்லியா? பிளேன் ஏறினாளா, இல்லியா? அங்க போனப்பறம் கம்பெனி மூடினா அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? வெள்ளைக்காரன்கிட்ட போய்க் கேளு. நீ அங்கதானே கீற."

இதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள். மாடியிலிருந்து நிலா இறங்கி வந்து கதவருகே நின்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் சாப்பாடு, குளியல், தூக்கம் சம்பந்தப்பட்டது. நான் போனை வைத்ததும் ஆங்கிலத்தில் கேட்டாள்: "அம்மா, 'பொறம்போக்கு' என்றால் என்ன?"

யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றேன்.

"ஒரு நிலத்தோடா இவ்வளவு நேரம் சண்டை போட்டாய்?" என்றாள்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. என் மகளுக்கு இந்த நாட்டில் யாரும் நாள் கணக்கு வைப்பதில்லை. தன் பாஸ்போர்ட் எந்த டிராயரில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ரெஹானாவுக்கு அவளைவிடப் பத்து வயதுதான் அதிகம்.

4

ஒரு வாரம் கழித்து ரெஹானாவுக்கு அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கம்பெனி போய்விட்டதால் அவளுடைய விசாவும் போகிறது. அறுபது நாளுக்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும், அல்லது நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

மிக மரியாதையான கடிதம். 'தாங்கள் ஆலோசனை பெற விரும்பலாம்' என்று ஒரு வரி. குற்றம் செய்தது கம்பெனி என்று அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். தண்டனை இவளுக்கு. சென்னையில் ஒரு அரசு அலுவலகத்தில் இப்படி நடந்தால் கவுன்டரில் இருப்பவர் எரிந்து விழுவார், நாமும் பதிலுக்குக் கத்தலாம், யாராவது ஒரு பெரியவர் வந்து சமாதானம் செய்வார். இங்கே கத்துவதற்கு ஆளே இல்லை. போன் செய்தால் இசை கேட்கும். இசை முடிந்து ஒரு பெண் குரல், நமது அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்று சொல்லும். மறுபடி இசை.

ரெஹானாவும் நானும் அந்த வட்டாரத்து முதியோர் இல்லங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். எல்லா வாசலிலும் 'ஆட்கள் தேவை' என்று பலகை. உள்ளே போனால் உட்காரச் சொல்வார்கள், அனுபவத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். விசா என்ற சொல் வந்ததும் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்வார்கள். "நாங்கள் ஸ்பான்சர் செய்வதில்லை, மன்னிக்கவும்." ஓர் இடத்தில் மட்டும் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு, ஸ்பான்சர் செய்கிறேன், எவ்வளவு தருவாய் என்று கேட்டார். அவர் வெள்ளைக்காரர் இல்லை. நம்மூர்க்காரர்தான். என்னை 'சிஸ்டர்' என்று அன்போடு அழைத்தார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் என் மேலாளரிடம் கேட்டேன். ஆங்கிலத் தேர்ச்சி இல்லாமல் நர்ஸாக எடுக்க வழியில்லை என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரெஹானா அந்தத் தேர்வை மறுபடி எழுதி, முடிவு வந்து, பதிவு செய்து, வேலை கிடைத்து, இவ்வளவும் அறுபது நாளுக்குள் நடக்கிற காரியமில்லை. உடன் இருந்த கேரளப் பெண்களில் ஒருத்தி காகிதமே இல்லாமல் லண்டனில் யார் வீட்டிலோ வேலைக்குப் போய்விட்டாள். ரெஹானாவும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"கூடாது," என்றேன். "நாள் முடியறதுக்குள்ள ஊருக்குப் போயிடு. கெடு தாண்டி இருந்துட்டா அப்புறம் எந்த நாட்டு விசா கேட்டாலும் அது முன்னாடி வந்து நிக்கும். இப்ப போனா நாளைக்குத் தேர்வு எழுதி நர்ஸாவே வரலாம்."

"போயி அத்தாகிட்ட இன்னான்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு."

"என்னால முடியாதுக்கா." அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். "உங்களுக்குதான் லீவு வருதே. நீங்களே சொல்லிடுங்க. உங்க முகத்தைத்தான் அவரு நம்புனாரு."

5

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அதற்காகத்தான் நான் சென்னை போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து நேராகத் தி.நகர் போனேன்.

சேகருடைய ஆபீஸ் மாடியில் சின்ன ஹால். ஞாயிறுதோறும் 'இலவசக் கருத்தரங்கு'. படிக்கட்டு முழுக்கச் செருப்பு. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நர்சிங் முடித்த பெண்கள், பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ. மேடைக்குப் பின்னால் நான். அதே நீலச் சீருடை, அதே சிரிப்பு. எழுத்து மட்டும் மாறியிருந்தது. "நேற்று மயிலாப்பூர். இன்று ஜெர்மனி. நாளை நீங்கள்!"

இங்கிலாந்து கேர் விசாவின் வாசலை மூடிவிட்டார்கள். அதனால் சேகர் என்னை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டான். நான் ஜெர்மனியைப் பார்த்ததுகூட இல்லை.

என்னைக் கண்டதும் அவன் ஒரு நொடி திகைத்தான். ஆனால் கெட்டிக்காரன். மைக்கைப் பிடித்தபடி, "பாருங்க, பேனர்ல கீறவங்களே நேர்ல வந்துட்டாங்க! நம்ம அக்கா!" என்றான். கைதட்டினார்கள். நான் முன்னால் போய் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"நான் ஜெர்மனியில இல்லை," என்றேன். "என்னை இவர் அனுப்பவும் இல்லை. இந்தப் படம் என்னைக் கேட்காம போட்டது."

பிறகு ரெஹானாவின் பெயரைச் சொல்லாமல் அவளுடைய கதையைச் சொன்னேன். "விசா வருமான்னு கேக்காதீங்க. வரும். அதுல என்ன வேலைன்னு எழுதியிருக்குன்னு கேளுங்க. யார் முதலாளி, அந்தக் கம்பெனியில எத்தனை பேர் வேலை செய்யறாங்கன்னு கேளுங்க. மொழித் தேர்வு இங்கியே முடிக்காம போகாதீங்க. அங்க போய்க் கத்துக்கலாம்னு சொன்னா, நர்ஸா இல்லை, உதவிக்குதான் கூப்பிடறாங்கன்னு அர்த்தம். நடுவுல வேலையை விட்டா பணம் கட்டணும்னு கான்ட்ராக்ட்ல இருக்கான்னு பாருங்க."

சேகர் மைக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டான். வார்டில் மட்டும்தானே எனக்குக் குரல் கிடையாது. மைக் இல்லாமல் தொடர்ந்தேன்.

யாராவது எழுந்து சேகரை நாலு கேள்வி கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எழுந்தது, கொட்டிவாக்கத்திலிருந்து மகளை அழைத்துவந்திருந்த ஓர் அம்மா. அவள் கேட்டது என்னை.

"நீ மட்டும் போயி நல்லா கீற. உம் பொண்ணு அங்க படிக்குதா?"

"படிக்கிறா."

"அப்ப எம் பொண்ணு போனா மட்டும் உனக்கு இன்னா? இன்னும் நாலு பேரு வந்துட்டா உன் மவுசு கொறஞ்சிடுமா? மேல ஏறினவுடனே ஏணிய எட்டி ஒதைக்கிறியே, நல்லாக் கீதும்மா!"

ஹாலில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மகள், "ம்மா, உக்காரு," என்று முந்தானையை இழுத்தாள். பிறகு அவளே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மேடம், நான் இப்ப வேலை செய்யற ஆஸ்பத்திரில ஐ.சி.யூ.ல ஒருத்திக்கு ஆறு பேஷண்ட். ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி உள்ள வெச்சிக்கினாங்க. கேட்டா, எழுதிக் குடுத்த ரெண்டு வருஷ பாண்டு முடியட்டும்ன்றாங்க. நீங்க போவாதன்னு சொல்றீங்க. இங்க இருந்து இன்னா பண்றதுன்னும் சொல்லுங்க."

என் கோபம் அவ்வளவையும் சேகருக்கென்று கொண்டுவந்திருந்தேன். அந்தப் பெண்ணின் ஆஸ்பத்திரிக்காரனுக்கு ஒதுக்கி வைக்கவில்லை. உயிரைப் பிடித்து நிறுத்துகிறவளுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் அவள் அடையாறில் ஓர் அறைகூட எடுக்க முடியாது. அவளை அந்தப் படிக்கட்டில் ஏற்றியது பேனர் மட்டுமில்லை.

"போகாதேன்னு சொல்லலம்மா," என்றேன். "நர்ஸாப் போ."

கேட்டாளா என்று தெரியவில்லை. ஹாலில் சத்தம் கூடிவிட்டது. நான் மேடைக்கு ஏறி, பேனரின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. என்னை நானே சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் சித்தி அம்மாவுக்குப் போன் செய்துவிட்டாள். ஒரு கண்ணில் கட்டோடு அம்மா வாசலில் நின்றாள். "சொந்தத் தம்பிய சபையில அசிங்கப்படுத்திட்டு வந்துக் கீறியே, நாளைக்கு நான் செத்தா தோள் குடுக்க அவன்தானேடி வரணும்? நீயா வரப்போற?" என்றாள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களை வாயடைக்க ஊரில் எல்லோருக்கும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது.

6

மறுநாள் புகார் கொடுக்கப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. அங்கே இருந்தவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "பாதிக்கப்பட்டவங்க நேர்ல வரணும்," என்றார்.

"அவங்க இங்கிலாந்துல இருக்காங்க."

"வந்ததும் வரச்சொல்லுங்க."

"வர வேண்டிய நிலைமைக்குக் கொண்டு வந்துட்டாங்கன்னுதானே புகார்?"

"அதான் மேடம். வந்ததும் வரச்சொல்லுங்க."

அங்கிருந்து காதர் பாய் கடைக்குப் போனேன். ரெஹானா தம்பிக்கென்று கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரும் சாக்லேட்டும் கையில் இருந்தன. கடை ஆறடி அகலம்தான் இருக்கும். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். பாய் ஒரு மூக்குக் கண்ணாடியின் காலைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாம்மா, வாம்மா! பேனர்ல பாத்த மாதிரியே கீறீங்க. நீங்க வருவீங்கன்னு ரெஹானா போன்ல சொன்னா." பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். "அப்பாஸ், இவங்கதான்! நம்ம ரெஹானா ஆஸ்பத்திரி. ரெண்டு டீ சொல்லு." அப்பாஸ் பெருமையாக என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு டீ சொல்லப் போனார்.

டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். வேலையில் எவ்வளவோ பேரிடம் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். அதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அது எதுவும் உதவவில்லை.

பாய் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "அப்ப அவ நர்ஸ் இல்லியா?" என்றார்.

"நர்ஸ்தான் பாய். நல்ல நர்ஸ். அங்க அந்த வேலை கொடுக்கல."

"வேற இன்னா வேலை செஞ்சா?"

"வயசானவங்களைக் குளிப்பாட்டறது, சாப்பாடு ஊட்டறது, துணி மாத்தறது."

"அது கெட்ட வேலை இல்லியே. எங்கம்மாவுக்கு அவதான் செஞ்சா."

"கெட்ட வேலை இல்லை பாய். ஆனா இப்ப அதுவும் இல்லை."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. டீ வந்தது. அவர் தன் டம்ளரைத் தொடவில்லை. "இத்தினி நாளா ஒழுங்கா சாப்ட்டாளா?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். என் முகம் பொய் சொல்லாது என்று நம்பியவரிடம் எப்படிச் சொல்வது? "எங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் சாப்ட்டா," என்றேன்.

போனில் ரெஹானாவைக் கூப்பிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அங்கே காலை. அவள் அத்தாவைப் பார்த்ததும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள்.

"ரெஹானா. துணிய எடு," என்றார் பாய். "யார்கிட்ட மறைக்கிற? கடன் வாங்குனது நானு. கையெழுத்து போட்டது நானு. போய்ப் பேனரப் பாத்துட்டு வந்து சரின்னு சொன்னது நானு. நீ எதுக்கு அழுவுற?" போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வூட்டுக்கு வா. நாளைக்கே வா. ஒண்ணும் வாங்கியாராத. சும்மா வா."

7

கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே ரெஹானா ஊர் திரும்பினாள். அதற்குள் நான் இங்கே வந்துவிட்டேன். இருவரும் வானத்தில் எங்கேயோ கடந்திருப்போம். அடையாறில் அதே ஆஸ்பத்திரி அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது, புதிதாகச் சேர்கிறவளுக்கான சம்பளத்தில். அவள் பழக்கிவிட்ட பெண்கள் இப்போது அவளுக்கு ட்யூட்டி போடுகிறார்கள். வேலை முடிந்து வந்து ஆங்கில எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் எழுதிய கட்டுரைகளைப் படம் எடுத்து அனுப்புவாள். நான் பார்ப்பதைவிட நிலா பார்ப்பதே சரி என்று அவளிடம் கொடுத்துவிட்டேன். நிலா திருத்தியதற்கு ரெஹானா தமிழில் நன்றி சொல்லி ஒலிப்பதிவு அனுப்புகிறாள். நிலா அதை இரண்டு மூன்று முறை போட்டுக் கேட்டுவிட்டு என்னிடம் அர்த்தம் கேட்கிறாள்.

புகாரைப் பாதிக்கப்பட்டவரே நேரில் போய்க் கொடுத்தாயிற்று. விசாரணையில் இருக்கிறது. என்ன விசாரிக்கிறார்கள் என்று ரெஹானாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சேகருக்குத் தெரிந்திருக்கலாம். கருத்தரங்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பேனரில் இப்போது வேறொரு பெண்ணாம். அவளைக் கேட்டார்களோ என்னவோ.

நான் உரக்கப் பேசி ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வைத்தது காதர் பாய்தான். இது எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சேகர் போன் செய்தபோதுதான் தெரிந்தது. தி.நகர் சண்டைக்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிட்டது அதுவே முதல் முறை.

"அக்கா, அந்தக் கண்ணாடிக் கடை பாய்கிட்ட கொஞ்சம் சொல்லுக்கா."

"என்ன சொல்லணும்?"

"ஞாயித்துக்கெழம ஆனா கடைய மூடிட்டு இங்க வந்து கீழ படிக்கட்டுல நின்னுக்கினு கீறாரு. கத்த மாட்டறாரு, சண்டை போட மாட்டறாரு. பொண்ணக் கூட்டிக்கினு வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும், எம் பொண்ணு இங்கதான் போச்சு, மேல ஏறுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசுங்கன்றாரு. பேசிட்டுப் பாதிப் பேரு அப்படியே திரும்பிடறாங்க. அடிச்சுத் தொரத்தவும் முடியல, ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க. எம் பொழப்பே போவுதுக்கா. நீ சொன்னா கேப்பாரு."

"எவ்வளவு நேரமா நிக்கறாரு?"

"காலைலருந்து."

"வெயில்லயா?"

"ஆமாக்கா, வெயில்லதான்."

"சேகர்," என்றேன். என் குரல் எனக்கே வார்டில் பேசுவதுபோல அமைதியாகக் கேட்டது. "மேல ஹால்லருந்து ஒரு சேர் எடுத்துட்டுப் போய்க் கீழ போடு. ஒரு பாட்டில் தண்ணி குடு. வயசான மனுஷன், உட்கார்ந்து பேசட்டும்."